103 சுற்றுகள்: ஆலன் குல்விக்கியின் 1992 பட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

விற்பனைக்கு வரும் கார்களின் தோற்றத்தில் அமைந்த வண்டிகள் ஓடும் அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயங்களில் சிறிய அணியொன்று பெரிய அணிகளை ஒரு நாள் முந்திச் செல்வது புதிதல்ல. டயர், மழை, எரிபொருள், பிறர் மோதிக்கொள்ளும் விபத்து என ஏதேனும் ஒன்று கைகொடுத்தால் கடைசி வரிசையில் இருப்பவரும் கோப்பையைத் தூக்கிவிட முடியும். ஓராண்டு முழுவதும் தாக்குப்பிடித்து, அந்த ஆண்டின் பட்டத்தையே ஒரு சிறிய அணி கைப்பற்றுவது வேறு வகையான சாதனை. நாஸ்கார் அமைப்பின் உச்சப் பிரிவான வின்ஸ்டன் கோப்பைத் தொடரில் 1992-ஆம் ஆண்டு அது நடந்தது. 29 பந்தயங்கள் முடிந்தபோது, தன் அணிக்குத் தானே உரிமையாளராகவும் ஓட்டுநராகவும் இருந்த ஆலன் குல்விக்கி 4078 புள்ளிகளுடன் முதலிடத்தில் இருந்தார். பில் எலியட் 4068 புள்ளிகளுடன் இரண்டாமிடத்திலும், டேவி ஆலிசன் 4015 புள்ளிகளுடன் மூன்றாமிடத்திலும் நின்றனர்.

இந்த வெற்றியை அதிசயம் என்று சொல்லிக் கடந்துவிடுவதே பெரும்பாலோர் வழக்கம். அந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை. அதிசயம் என்று பெயரிட்ட உடனேயே அந்த அணி செய்த வேலை, போட்ட கணக்கு, எடுத்த முடிவுகள், அவற்றுக்காகக் குல்விக்கி கொடுத்த விலை ஆகிய அனைத்தும் பார்வையிலிருந்து மறைந்துவிடுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதே இந்த ஆய்வின் வேலை.

புள்ளிக் கணக்கு

அக்காலத்துப் புள்ளி முறையைத் தெரிந்துகொள்ளாமல் இந்தக் கதையைப் புரிந்துகொள்ள முடியாது. 1975 முதல் நடைமுறையில் இருந்த அந்த முறையில் ஒரு பந்தயத்தை வென்றவருக்கு 175 புள்ளிகள், இரண்டாமவருக்கு 170 புள்ளிகள். ஆறாமிடம் வரை ஐந்து ஐந்தாகவும், பதினோராம் இடம் வரை நான்கு நான்காகவும், அதன் பிறகு மூன்று மூன்றாகவும் புள்ளிகள் குறையும். பந்தயத்தில் ஒரு சுற்றேனும் முன்னணியில் ஓடியவருக்கு ஐந்து புள்ளிகள் கூடுதலாகக் கிடைக்கும். அன்றைய பந்தயத்தில் எல்லோரையும்விட அதிகச் சுற்றுகள் முன்னணியில் இருந்தவருக்கு மேலும் ஐந்து.

இதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். வென்றவருக்கும் இரண்டாமவருக்கும் இடையே ஐந்தே புள்ளிகள்தான் வித்தியாசம். ஆனால் எஞ்சின் பழுதாகி 30-ஆம் இடத்தில் முடிப்பவருக்கு 73 புள்ளிகள் மட்டுமே கிடைக்கும். அதாவது வெல்வதற்கான பரிசைவிட, பாதியில் நின்றுபோவதற்கான தண்டனை பன்மடங்கு பெரியது. பணபலம் மிக்க அணிகள் வேகத்தை வாங்க முடிந்த காலத்தில், நின்றுபோகாமல் ஓடுவதற்கு அந்த முறை கொடுத்த மதிப்பே சிறிய அணிக்கு இருந்த ஒரே வாசல். குல்விக்கி அந்த வாசலை அடையாளம் கண்டுகொண்டவர் என்பதுதான் என் வாதம்.

1992-இன் புள்ளிவிவரமும் அதையே சொல்கிறது. எலியட்டும் ஆலிசனும் ஆளுக்கு ஐந்து பந்தயங்களை வென்றார்கள். குல்விக்கி வென்றவை இரண்டே இரண்டு. முதல் ஐந்து இடங்களுக்குள் ஆலிசன் 15 முறையும், எலியட் 14 முறையும், குல்விக்கி 11 முறையும் முடித்தார்கள். ஆனால் முதல் பத்து இடங்களுக்குள் முடித்த கணக்கை எடுத்தால் மூவருமே 17 முறை. உச்சத்தில் மற்ற இருவரும் உயர்ந்து நின்றார்கள். பட்டத்தைத் தீர்மானித்தது அடித்தளம்.

மில்வாக்கியிலிருந்து வந்தவர்

குல்விக்கி 1954 டிசம்பர் 14 அன்று பிறந்தவர்; விஸ்கான்சின் மாநிலத்தில் மில்வாக்கி நகரை ஒட்டிய கிரீன்ஃபீல்டு அவருடைய ஊர். போலந்து வம்சாவளிக் குடும்பம். தந்தை பந்தயக் கார்களுக்கு எஞ்சின் கட்டியவர். மகன் விஸ்கான்சின்–மில்வாக்கி பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்து 1977-இல் பட்டம் பெற்றார். படித்துக்கொண்டும், பின்பு வேலை பார்த்துக்கொண்டும் உள்ளூர் குறுந்தடங்களில் ஓட்டினார். நாஸ்கார் அன்று தென் மாநிலங்களின் விளையாட்டு. ஓட்டுநர்கள் பெரும்பாலும் பந்தயக் குடும்பங்களில் பிறந்து, பட்டறையிலேயே வளர்ந்தவர்கள். கல்லூரிப் பட்டம் பெற்ற, வடக்கிலிருந்து வந்த, அதிகம் பேசாத ஒருவரை அந்த வட்டம் எளிதில் உள்ளே விட்டுவிடவில்லை.

1985-இல் அவர் தம் உடைமைகளில் பெரும்பகுதியை விற்றுவிட்டு வட கரோலினாவின் ஷார்லட் பகுதிக்குக் குடிபெயர்ந்தார். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, மின்கசிவால் அவருடைய வண்டி தீப்பிடித்து எரிந்துபோனது. இரவல் வண்டியில்தான் பொருள்களை ஏற்றிக்கொண்டு போனார். முதலில் வேறொருவர் அணிக்காகச் சில பந்தயங்கள் ஓட்டினார். 1986-இல் அந்த உரிமையாளர் விலகிக்கொண்டதும் அணியைத் தாமே நடத்தத் தொடங்கினார். ஒரு கார், இரண்டு எஞ்சின்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆள்கள் என்ற நிலையில் அந்த ஆண்டின் சிறந்த புதுமுக ஓட்டுநர் விருதைப் பெற்றார்.

முதல் வெற்றி 1988 நவம்பர் 6 அன்று அரிசோனாவின் ஃபீனிக்ஸில் வந்தது. முன்னால் ஓடிய ரிக்கி ரட்டின் எஞ்சின் கடைசிக் கட்டத்தில் கைவிட, குல்விக்கி கடைசி 16 சுற்றுகளை முன்னணியில் ஓட்டி முடித்தார். பிறகு காரைத் திருப்பி, வழக்கமான திசைக்கு எதிராக ஒரு சுற்று வந்தார். நாஸ்கார் வட்டத்தடங்களில் கார்கள் எப்போதும் இடப்புறமாகவே வளைகின்றன. ஓட்டுநரின் சன்னல் உட்பக்கம் பார்த்திருக்கும். எதிர்த்திசையில் ஓட்டினால்தான் சன்னல் பார்வையாளர் பக்கம் வரும், கையசைக்க முடியும். 'போலிஷ் வெற்றிச் சுற்று' என்று பெயர் பெற்ற இந்த வழக்கத்தை அன்று தொடங்கிவைத்தவர் அவரே.

பத்து லட்சம் டாலரை மறுத்தது

1990 பருவத்தின் முடிவில் குல்விக்கி புள்ளிப் பட்டியலில் எட்டாமிடம் பிடித்திருந்தார். அப்போது ஜூனியர் ஜான்சன் அவரை அழைத்தார். ஜான்சன் நாஸ்கார் உலகின் பெரும் உரிமையாளர்களுள் ஒருவர். அதற்கு முன் கேல் யார்பரோ, டேரல் வால்ட்ரிப் ஆகியோரை ஆளுக்கு மூன்று முறை பட்டம் வெல்ல வைத்தவர். ஏற்கெனவே ஒருமுறை கேட்டு மறுக்கப்பட்டவர், 1991 பருவத்துக்கு பத்து லட்சம் டாலர் தருவதாகச் சொல்லி மீண்டும் கேட்டார். குல்விக்கி மறுபடியும் மறுத்தார். தமக்கு ஒரு காபி நிறுவனத்தின் விளம்பர ஆதரவு உறுதியாகிவிட்டது என்று அவர் நம்பியிருந்தார். அந்த ஆதரவு கடைசியில் ஜான்சனின் இரண்டாவது காருக்குப் போய்ச் சேர்ந்தது. அதுவரை பணம் கொடுத்துவந்த பழைய ஸ்பான்சரும் விலகிவிட்டதால், 1991 பருவத்தை அவர் நிரந்தர ஸ்பான்சர் இல்லாமலே தொடங்க வேண்டியதாயிற்று.

ஸ்டாக் கார் பந்தயத்தில் ஸ்பான்சர் இல்லாத நிலை எத்தகையது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பரிசுப் பணத்தால் ஓர் அணியை நடத்த முடியாது. எஞ்சின், டயர், காரை ஊர் ஊராக ஏற்றிச்செல்லும் லாரி, ஆள்களின் சம்பளம் எல்லாவற்றையும் தாங்குவது காரின் முன்மூடியில் எழுதப்படும் நிறுவனப் பெயர்தான். அந்த இடம் வெறுமையாக இருந்தால் ஒவ்வொரு வாரமும் உரிமையாளரின் சொந்தப் பணம் கரையும். வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்த அந்தப் பிப்ரவரியில், டேட்டோனா 500 பந்தயத்தில் அமெரிக்க இராணுவத்தைச் சிறப்பிக்கும் வண்ணப்பூச்சுடன் ஓட்டினார். மார்ச் மாதம் அட்லாண்டாவில் ஹூட்டர்ஸ் உணவகக் குழுமம் ஆதரித்த வேறொரு கார் தகுதிச்சுற்றிலேயே வெளியேறியது. ஸ்பான்சர் இல்லாத குல்விக்கியின் காரோ முதல் வரிசையின் முதல் இடத்தைப் பிடித்திருந்தது. காரில்லாத நிறுவனமும் நிறுவனம் இல்லாத காரும் ஒன்று சேர்ந்தன. அந்த ஒரு வார ஏற்பாடு நிலைத்த ஒப்பந்தமாக வளர்ந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் அவர் பிரிஸ்டல் பந்தயத்தை வென்றார். ஆனாலும் பருவம் 13-ஆம் இடத்தில்தான் முடிந்தது.

ஜான்சனை மறுத்தது வீரமா, பிடிவாதமா என்ற கேள்வி அன்றே எழுந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பிடிவாதமாகவே தெரியும். ஆனால் குல்விக்கியின் பலம் எங்கே இருந்தது என்பதைப் பார்த்தால் அந்த முடிவில் நியாயம் இருக்கிறது. ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கம், டயர்க் காற்று எவ்வளவு, தடம் சூடேறும்போது கார் எப்படி மாறும் என்பதையெல்லாம் ஓட்டிப் பார்த்து உணர்பவரும், அதைக் கணக்காக மாற்றுபவரும், பணத்தை எங்கே செலவிடலாம் என்று முடிவெடுப்பவரும் ஒரே ஆள். பெரிய அணியில் மூன்று பேருக்கிடையே கைமாறி, தேய்ந்து போய்ச்சேரும் தகவல் இங்கே தேயாமல் இருந்தது. ஜான்சனிடம் போயிருந்தால் அவர் நல்ல காரில் உட்கார்ந்த இன்னொரு நல்ல ஓட்டுநராக மட்டுமே இருந்திருப்பார்.

இதே அமைப்புக்கு இருந்த குறையையும் மறைக்கக் கூடாது. எல்லாவற்றையும் தாமே பார்க்க வேண்டும் என்ற அவருடைய இயல்பு உடனிருந்தவர்களைக் களைப்படையச் செய்தது. ஆள்கள் வந்து வந்து போனார்கள். 1992 தொடக்கத்தில் அணியில் சேர்ந்த ரே எவர்ன்ஹாம் குறுகிய காலத்திலேயே கருத்து வேறுபாட்டால் விலகினார். அவரே பின்னாளில் ஜெஃப் கோர்டனின் குழுத் தலைவராக, அதாவது காரைத் தயார்செய்து பந்தய உத்தியை வகுப்பவராக, மூன்று பட்டங்களை வென்றவர். அப்படிப்பட்ட ஒருவரைத் தக்கவைத்துக்கொள்ள முடியாதது சிறிய இழப்பு அல்ல. நிலைத்து நின்றவர்களுள் முக்கியமானவர் குழுத் தலைவர் பால் ஆண்ட்ரூஸ்.

டோவருக்குப் பிறகு

குல்விக்கி சேர மறுத்த ஜான்சன் அணிக்கு 1992-இல் வந்து சேர்ந்தவர் பில் எலியட். 1988-இல் பட்டம் வென்றவர். பருவத் தொடக்கத்திலேயே அடுத்தடுத்து நான்கு பந்தயங்களை வென்று மிரட்டினார். டேவி ஆலிசன், ராபர்ட் யேட்ஸ் அணிக்காக டேட்டோனா 500 பந்தயத்தை வென்றுவிட்டு, பின்பு பலத்த காயங்களையும் தாங்கிக்கொண்டு ஓட்டிவந்தார். குல்விக்கி ஏப்ரலில் பிரிஸ்டலிலும் ஜூனில் போகோனோவிலும் வென்றிருந்தார்.

செப்டம்பர் 20 அன்று டோவர் பந்தயத்தில் குல்விக்கியின் கார் விபத்தில் சிக்கி 34-ஆம் இடத்தில் முடிந்தது. கிடைத்தவை 61 புள்ளிகள். ஆறே பந்தயங்கள் மீதமிருக்க, எலியட்டைவிட 278 புள்ளிகள் பின்தங்கினார். பட்டத்துக்கான தங்கள் வாய்ப்பு அநேகமாக முடிந்துவிட்டது என்று அவரே சொன்னார். ஒரு பந்தயத்தில் ஒருவர் பெறக்கூடிய அதிகபட்சம் 185 புள்ளிகள் என்பதை நினைவில் கொண்டால், அவர் சொன்னது வெறும் மனச்சோர்வு அல்ல என்பது விளங்கும்.

அடுத்த ஐந்து பந்தயங்களில் இருவரும் முடித்த இடங்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். மார்ட்டின்ஸ்வில்லில் குல்விக்கி ஐந்தாமிடம், எலியட் 30. நார்த் வில்க்ஸ்பரோவில் குல்விக்கி 12, எலியட் 26. ஷார்லட்டில் குல்விக்கி இரண்டாமிடம், எலியட் மறுபடியும் 30. ராக்கிங்ஹாமில் மட்டும் எலியட் நான்காமிடம் பிடிக்க, குல்விக்கி 12-இல் முடித்தார். ஃபீனிக்ஸில் குல்விக்கி நான்கு, எலியட் 31. இந்த ஐந்தில் ஒன்றைக்கூடக் குல்விக்கி வெல்லவில்லை. ஆனால் 278 புள்ளிப் பள்ளம் தூர்ந்துபோய், எலியட்டைவிட அவர் 10 புள்ளிகள் முன்னே வந்துவிட்டார்.

இங்கே அதிர்ஷ்டத்தின் பங்கை மறுப்பதற்கில்லை. எலியட்டின் கார் ஐந்தில் நான்கு முறை சரிந்தது குல்விக்கி செய்த வேலையால் அல்ல. எதிரணி எஞ்சினுக்குள் அவர் கை வைக்க முடியாது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே ஐந்து வாரங்களில் பட்டத்துக்கான வரிசையில் வேறு பலரும் இருந்தார்கள். அவர்களுக்கும் எலியட்டின் சரிவு திறந்தே கிடந்தது. ஐந்து பந்தயங்களிலும் 12-ஆம் இடத்துக்குக் கீழே இறங்காமல் ஓடியதுதான் குல்விக்கியின் பங்களிப்பு. அதிலும், வாய்ப்பு முடிந்தது என்று சொன்ன மனிதர் ஒரு பந்தயத்தில்கூட வெறித்தனமாக ஓட்டி எல்லாவற்றையும் ஒரேயடியாக மீட்டுவிட முயலவில்லை. அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

அட்லாண்டா, நவம்பர் 15

கடைசிப் பந்தயம் அட்லாண்டாவில், 328 சுற்றுகள், ஏறத்தாழ 800 கிலோமீட்டர். ஃபீனிக்ஸை வென்ற ஆலிசன் 3928 புள்ளிகளுடன் முன்னிலையில் இருந்தார். குல்விக்கி 3898, எலியட் 3888. இவர்களைத் தவிர ஹாரி கேன்ட், கைல் பெட்டி, மார்க் மார்ட்டின் ஆகியோருக்கும் கணக்களவில் வாய்ப்பு இருந்தது. ரிச்சர்ட் பெட்டியின் கடைசிப் பந்தயமும் ஜெஃப் கோர்டனின் முதல் பந்தயமும் அதுவே. ஜார்ஜியாவின் டாசன்வில்லைச் சேர்ந்த எலியட்டுக்கு அது சொந்த மாநிலத் தடம். கூட்டத்தில் பெரும்பகுதி அவர் பக்கம்.

குல்விக்கியின் கார் ஃபோர்டு தண்டர்பேர்ட். முன் பம்பரில் ஆங்கிலத்தில் பொறித்திருந்த அந்தப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளான 'Th'-ஐ, ஃபோர்டிடமும் நாஸ்காரிடமும் அனுமதி பெற்று, அன்றைக்கு மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள். மிஞ்சியது 'அண்டர்பேர்ட்'; வெல்வார் என்று யாரும் எதிர்பாராதவரைக் குறிக்கும் 'அண்டர்டாக்' என்ற ஆங்கிலச் சொல்லை நினைவூட்டும் பெயர். எளியவன் பக்கம் நிற்கும் கார்ட்டூன் எலியான மைட்டி மவுஸின் படமும் உடன் இருந்தது. ஆரவாரமே பிடிக்காதவர் என்று பெயரெடுத்தவர், தாம் யார் என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டது அந்த ஒரு நாள்தான் என்று தோன்றுகிறது.

ஆலிசன் ஐந்தாமிடத்தில் முடித்தாலே போதும்; குல்விக்கி அதிகபட்சப் புள்ளிகளைப் பெற்றாலும் இருவரும் சமமாகி, அதிக வெற்றிகள் என்ற விதிப்படி பட்டம் ஆலிசனுக்கே போயிருக்கும். ஆனால் 254-ஆம் சுற்றையொட்டி அவருக்கு முன்னால் எர்னி இர்வன் கட்டுப்பாட்டை இழந்து சுழல, ஆலிசனின் கார் அதில் மோதிச் சிதைந்தது. அவர் 27-ஆம் இடத்தில் முடித்தார். அந்த நொடியில் இருந்து போட்டி இருவருக்கிடையே என்றானது.

இதற்கு வெகு முன்பே குல்விக்கிக்கு ஒரு சிக்கல் நேர்ந்திருந்தது. வெளியில் இருந்தவர்கள் பலருக்குத் தெரியாத சிக்கல். பந்தயத்தின் முற்பகுதியிலேயே, டயர் மாற்றி எரிபொருள் நிரப்பும் பிட் பகுதியிலிருந்து வெளியேறும்போது காரின் முதல் கியர் உடைந்துபோனது. ஓடும்போது இதனால் பாதிப்பில்லை. வட்டத்தடத்தில் கார் எப்போதும் உயர் கியரிலேயே ஓடும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதுதான் வினை. முதல் கியர் இல்லாமல், எடைமிக்க அந்தக் காரை உயர் கியரில் நகர்த்த வேண்டும். கிளட்சைச் சற்று வேகமாக விட்டால் எஞ்சின் அணைந்துவிடும், மெதுவாக விட்டால் கிளட்ச் தேய்ந்து கருகும். ஒவ்வொரு முறையும் குழுவினர் பின்னாலிருந்து தள்ள, கார் இழுத்து இழுத்து உருண்டு வேகம் பிடித்தது. நிற்கும் ஒவ்வொரு தடவையும் மற்றவர்களிடம் சில நொடிகளை இழக்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே உடைந்த ஒரு கியர்ப்பெட்டி கடைசிவரை தாங்குமா என்பதும் ஒருவர் கையிலும் இல்லை.

ஆகவே நிற்கும் தடவைகளைக் குறைப்பது, நிற்கும் நேரத்தைக் குறைப்பது, அதோடு முன்னணிச் சுற்றுகளை எண்ணுவது என மூன்று கணக்குகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. மூன்றாவது கணக்குதான் பட்டத்தின் முடிச்சு. எலியட் பந்தயத்தை வென்று, குல்விக்கி இரண்டாமிடத்தில் முடித்தால், அதிகச் சுற்றுகள் முன்னணியில் இருந்ததற்கான ஐந்து புள்ளிகள் யாருக்கு என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். அதைப் பால் ஆண்ட்ரூஸ் பந்தயம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சுற்றுச் சுற்றாக எண்ணிக்கொண்டிருந்தார். கடைசி எரிபொருள் நிறுத்தத்துக்குக் குல்விக்கியை உடனே அழைக்காமல், 103 சுற்றுகள் முன்னணியில் ஓடி முடிக்கும்வரை தடத்திலேயே வைத்திருந்தார். அதன் பிறகே கார் உள்ளே வந்தது. டயர் மாற்றவில்லை; ஓடி முடிக்கத் தேவையான அளவு எரிபொருள் மட்டும் அவசரமாக ஊற்றப்பட்டது.

மீதிச் சுற்றுகளில் எலியட் முன்னே போனார். குல்விக்கி அவரைத் துரத்தவில்லை. எரிபொருள் தீர்ந்து நின்றுவிடக் கூடாது என்று வேகத்தை அளந்து, இரண்டாமிடத்தைக் காத்துக்கொண்டே ஓட்டினார். வெற்றிக்கோட்டை எலியட் முதலில் கடந்தார். அவர் முன்னணியில் இருந்த சுற்றுகள் 102, குல்விக்கியுடையவை 103. வென்றவருக்கு 175-உம் 5-உம், இரண்டாமவருக்கு 170-உம் இரண்டு ஐந்துகளும் என இருவருக்கும் அன்று சமமாக 180 புள்ளிகள். முன்பிருந்த 10 புள்ளி இடைவெளி அப்படியே நின்றது.

அந்த 103-இல் ஒரே ஒரு சுற்று எலியட் பக்கம் போயிருந்தால் நிலைமை என்ன? எலியட் 103, குல்விக்கி 102. ஐந்து புள்ளிகள் இடம் மாறி இருவரும் 4073-இல் சமமாகியிருப்பார்கள். சமமானால் அதிக வெற்றிகள் பெற்றவருக்கே பட்டம். எலியட்டுக்கு ஐந்து, குல்விக்கிக்கு இரண்டு. இரண்டரைக் கிலோமீட்டர்கூட இல்லாத ஒரு சுற்றின் மேல் ஓராண்டு உழைப்பு நின்றது. அதைத் தற்செயலுக்கு விடாமல், முன்கூட்டியே கண்டு, எண்ணி, வசப்படுத்தியதால்தான் இதை நான் அதிசயம் என்று அழைக்க மறுக்கிறேன்.

முடிந்ததும் குல்விக்கி எதிர்த்திசையில் தம் வெற்றிச் சுற்றை ஓட்டினார். காரை நிறுத்திய பின், நாடெங்கும் நேரலையில் பார்த்துக்கொண்டிருக்க, வெளியே வருவதற்கு முன் நிதானமாகச் சீப்பை எடுத்துத் தலைவாரினார். கேமராக்கள் காத்திருந்தன.

பின்னால் வந்தவர்கள்

பட்டம் வென்ற பின் குல்விக்கி வாழ்ந்தது ஐந்து மாதத்துக்கும் குறைவு. 1993 ஏப்ரல் 1 அன்று பிரிஸ்டல் பந்தயத்துக்காக அவர் சென்ற சிறிய விமானம் டென்னசியின் பிளவுண்ட்வில் அருகே விழுந்து நொறுங்கியது. அவரும் விமானத்தில் உடன் இருந்த மற்ற மூவரும் இறந்தனர். எஞ்சின் காற்று நுழைவாயிலில் பனி உறைவதைத் தடுக்கும் அமைப்பை இயக்காததே காரணம் என்று விசாரணை முடிவு கூறியது. அந்த வாரம் பிரிஸ்டலை வென்ற ரஸ்டி வாலஸ், குல்விக்கியின் வழக்கப்படி எதிர்த்திசையில் சுற்றி வந்தார். அதே ஆண்டு ஜூலையில் டேவி ஆலிசனும் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். 1992-இல் கடைசிவரை மோதிய மூவரில் எலியட் மட்டும் மிஞ்சினார்.

குல்விக்கி மொத்தம் ஐந்து பந்தயங்களையே வென்றிருந்தார். 2019-இல் நாஸ்கார் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டார். அதைவிடப் பொருத்தமான நினைவாக எனக்குத் தோன்றுவது, 2015 முதல் அவர் பெயரில் இயங்கும் ஓட்டுநர் வளர்ப்புத் திட்டம். குறுந்தடங்களில் சொந்தக் காசைப் போட்டு ஓட்டும் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து உதவுகிறது அது.

அவருடைய வழியைப் பின்பற்றலாமா என்று பலர் முயன்றார்கள். ஜெஃப் போடைன் அந்த அணியையே வாங்கி நடத்தினார். ரிக்கி ரட் போன்ற அனுபவமிக்க ஓட்டுநர்கள் சொந்த அணி நடத்திப் பார்த்தார்கள். ஒருவரும் பட்டத்தை நெருங்கவில்லை. ஒவ்வொருவராக அணியை விற்றார்கள் அல்லது மூடினார்கள். காரணம் அவர்கள் திறமையில் இல்லை. ஒரே உரிமையாளர் மூன்று, நான்கு கார்களை ஓட்டி, ஒரு காரில் கற்றதை மற்றவற்றுக்கும் பகிரும் முறை அந்தப் பத்தாண்டில் வேரூன்றிவிட்டது. ஒரு காரைச் சோதித்துப் பத்து விஷயம் தெரிந்துகொள்ளும் அணி, நான்கு காரைச் சோதித்து நாற்பது தெரிந்துகொள்ளும் அணியோடு மோத வேண்டும். குல்விக்கியின் பலமான, ஒரே தலைக்குள் எல்லாத் தகவலும் இருக்கும் அமைப்பு, அந்த அளவுக்குப் பெருகிய தகவலின் முன்னால் நிற்க முடியாதது இயல்பே. அவர் உயிரோடு இருந்திருந்தால் தாக்குப்பிடித்திருப்பாரா என்று பலர் வாதிடுகிறார்கள். 1996-க்குப் பிறகு அவருக்கும் கடினமாகவே இருந்திருக்கும் என்று நான் எண்ணுகிறேன்.

ஓட்டுநரும் உரிமையாளருமாகப் பட்டம் வென்ற அடுத்தவர் டோனி ஸ்டூவர்ட், 2011-இல். அவர் கூட்டு உரிமையாளர்; அவருடைய அணி பெரிய அணியொன்றின் எஞ்சினையும் சட்டகத்தையும் வாங்கி ஓட்டியது. அவரும் கார்ல் எட்வர்ட்ஸும் 2403 புள்ளிகளில் சமமாக முடிக்க, ஐந்து வெற்றிகளுக்கு எதிராக ஒன்று என்ற கணக்கில் பட்டம் ஸ்டூவர்ட்டுக்குப் போனது. ஆண்ட்ரூஸ் 1992-இல் எந்த விதிக்கு அஞ்சிச் சுற்றுகளை எண்ணினாரோ, அதே விதி. 2017-இல் கொலராடோவின் டென்வரில் இருந்து தனித்து இயங்கிய ஃபர்னிச்சர் ரோ அணி, மார்ட்டின் ட்ரூயெக்ஸுடன் பட்டம் வென்றது. அதுவும் ஒரு பெரிய அணியின் தொழில்நுட்பக் கூட்டோடுதான். ஸ்பான்சர் பணம் போதாமல் அடுத்த ஆண்டின் முடிவிலேயே அந்த அணி மூடப்பட்டது.

1992-இல் பத்துப் புள்ளியில் தோற்ற பில் எலியட்டும் 1995-இல் சொந்த அணி தொடங்கினார். உரிமையாளராக ஓட்டிய ஆறு பருவங்களில் அவருக்கு ஒரு வெற்றிகூடக் கிடைக்கவில்லை. 2001-இல் அணியைக் கைவிட்டு, டாட்ஜ் நிறுவனத்துக்காகப் புது அணி அமைத்த ரே எவர்ன்ஹாமிடம் ஓட்டுநராகச் சேர்ந்தார். அந்த நவம்பரில் ஹோம்ஸ்டெட் பந்தயத்தை வென்றார்.